எனக்கு வந்ததாகச் சொன்ன அம்மை

நான் எழுதிப் பழகியவன் இல்லை. என் படிப்பு தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டது. ஆனாலும் மருத்துவமனையில் எனக்கு நடந்ததை எழுதிவைத்தால், என்னைப்போல் படுத்திருக்கும் யாருக்காவது பயம் கொஞ்சம் குறையும் என்று என் மகள் தேவிகா சொன்னாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

சிங்கப்பூர் தேக்காவில் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிந்தது காலில்தான். வேலைக்குப் போடும் பூட்ஸ் மாலையில் கழற்ற வராது. என் மனைவி வசந்தி பிடித்து இழுக்க, நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "நாள் முழுக்க நின்னா வீங்காம என்ன செய்யும்" என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடுவாள். பிறகு கண்ணிமைகள் வீங்கின. சிறுநீர், டீ ஆற்றியதுபோல் நுரைத்தது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றே பல நாள் யோசித்தேன். கடைசியில் வசந்தியிடம் சொன்னேன். அவள் மகளிடம் சொன்னாள். மகள் நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அன்றைக்கே என்னைப் பலதுறை மருந்தகத்துக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்து நேராகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காத்திருக்கும் அறைகளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. திரையில் என் எண் வந்தாலும், வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதனால் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்றாவது முறை தேவிகா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ரத்தம் எடுத்தார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்தார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் வராது என்பதால் நர்ஸ் ஜெயா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"அங்கிள், கிட்னி ஒரு சல்லடை மாதிரி. கழிவை மட்டும்தான் வெளிய விடணும். உங்களுக்குச் சல்லடை ஓட்டை பெருசாயிடுச்சு. சத்தும் சேர்ந்து வெளிய போகுது. அதான் உடம்புல தண்ணி தங்குது."

சல்லடை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. மில்லில் கண் பெரிய சல்லடையைத் தவறிப் போட்டுவிட்டால் மிளகாய்த்தூளில் விதையும் சேர்ந்து வந்துவிடும். வேறு சல்லடை மாற்ற முடியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மாற்றத் தேவையில்லை, மாத்திரையிலேயே சரியாக வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்திதான் வழிதவறி என் சிறுநீரகத்தையே தாக்குகிறதாம். ஸ்டீராய்டு மாத்திரை அதைத் தூங்க வைக்கும். ஆனால் அது தூங்கும் நாட்களில் வெளியிலிருந்து எந்த நோய் வந்தாலும் தடுக்க ஆள் இருக்காது. "கூட்டத்துக்குப் போகாதீங்க, காய்ச்சல்காரங்க பக்கத்துல நிக்காதீங்க" என்றார் ஜெயா. எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டத்துக்குப் போகாமல் இருக்க எனக்கு மாத்திரை வேண்டுமா?

ஆறு பேர் படுக்கும் வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஓஸ்மான் என்ற மலாய்க்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் பாக்சிக் என்றே கூப்பிட்டோம்; மலாயில் மாமா என்று அர்த்தம். நான் மணி அழுத்தத் தயங்குவதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அவர் தன் மணியை அழுத்தி, "என் நண்பனுக்கு" என்பார். மலாயில் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். நானும் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். அப்படி நாங்கள் நல்ல நண்பர்களாகிவிட்டோம்.

எனக்கு உப்பு கூடாது என்றதும் வசந்தி வீட்டிலேயே உப்பை நிறுத்திவிட்டாள். அவர் சாப்பிடாததை நாம் எப்படிச் சாப்பிடுவது என்று எல்லாருக்கும் அதே சமையல். மருமகன் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே காப்பிக்கடைக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாராம். ஒரே வாரத்தில் அவருக்குக் குப்பை கொட்டுவதில் வந்த ஆர்வத்தைப் பார்த்துத் தேவிகாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இதை அவள் சொல்லிச் சிரித்தபோது, எதிர்க் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த இளைஞனும் சிரித்தான். அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. தேவிகா ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்கும் பாதியை அவனுக்கும் கொடுத்து, அவன் கட்டில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பேசினாள்.

மறுநாள் காலையில் அவன் நெற்றியிலும் மார்பிலும் நீர்க்கொப்புளங்கள். சின்னம்மை.

அவனை உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரும் ஜெயாவும் கட்டில் கட்டிலாக வந்தார்கள். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு முன்பே காற்றில் பரவத் தொடங்கிவிடுமாம். முன்பே வந்து போனவர்களுக்குப் பயமில்லை. வராதவர்களுக்கு, அதுவும் என்னைப்போல் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு, நுரையீரல்வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

"அங்கிள், உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றேன். மருத்துவமனையில் நான் தயங்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

சந்தேகத்துக்கு ஜெயா குவீன்ஸ்டவுனில் இருக்கும் என் அக்கா சரோஜாவுக்கு ஃபோன் போடச் சொன்னார். அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

"அவனுக்கா? நல்லா வந்துச்சே. நாங்க தஞ்சோங் பகார்ல ஹார்பர் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். வாசல்ல வேப்பிலை கட்டி, எங்கம்மா தாளிக்கிறதையே நிறுத்தி, கடைசியில வேப்பிலைத் தண்ணி ஊத்தினோம். நான்தான் வாளி தூக்கினேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

போதும் என்றுதான் எனக்குப் பட்டது. டாக்டருக்குப் போதவில்லை. ரத்தத்தில் பார்த்துவிடுவோம் என்றார்.

வழக்கமாக ஒரு குழாய் ரத்தம் சோதனைக்கூடத்துக்குப் போகும். வார இறுதி என்பதால் முடிவு வரத் தாமதமாகும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு ஓர் ஊசி உண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். அதனால் குழாயில் எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே புதிதாக முயன்று பார்க்கும் கருவி ஒன்றையும் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி எங்கள் சம்மதம் கேட்டார்கள். ஜெயா அதை ஒரு சின்னப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாட்டுப் பெட்டி என்று நினைத்துப் பாக்சிக் ஓஸ்மான் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே விரல் நீளத்தில் பிளாஸ்டிக் பட்டைகள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையின் குழியில் விட்டு, மேலே ஏதோ நீரை ஊற்றுகிறார்கள். ரத்தம் உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் மெல்ல ஊறிப் போகும். பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கோடு எல்லாருக்கும் வரும். ஒரு நோய் வந்து போனால் அதை அடையாளம் கண்டு தடுக்கும் பொருள் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. எதிர்ப்பொருள் என்கிறார்கள். தடுப்பூசி போட்டாலும் அது உண்டாகும். அது இருந்தால் இரண்டாவது கோடு வரும். கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைக் கைக்கு அடக்கமான ஒரு கருவி அளந்து சொல்லும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

என் விரல் மிளகாய் மூட்டை இழுத்துக் காய்த்துப்போன விரல். முதல் குத்தில் ரத்தமே வரவில்லை. "அங்கிள், விரலுக்கும் பூட்ஸ் போட்டிருக்கீங்களா?" என்றார் ஜெயா. அடுத்த குத்தில் வந்தது.

பாக்சிக்கின் பட்டையில் இரண்டு கோடுகளும் விறுவிறுவென்று வந்தன. என்னுடையதில் ஒன்று. நாங்கள் இருவரும் என் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயா கருவிக்குள் வைத்தார். பிறகு இன்னொரு பட்டை எடுத்து, இன்னொரு விரலில் குத்தினார். அதிலும் ஒன்றுதான்.

"எனக்கு ரெண்டு கோடு, ராணுவத்துல நான் கார்ப்பரல். நீ இன்னும் ரெக்ரூட்" என்றார் பாக்சிக் மலாயில். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு பிஸ்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

ஜெயா மறுபடியும் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. தம்பி உடம்புல கொப்புளத்தைப் பாத்தீங்களா?"

"கொப்புளமா?" அக்கா கொஞ்சம் யோசித்தார். "கொப்புளம் பெரிய தம்பிக்குத்தானே இருந்துச்சு."

"அப்ப இவருக்கு எதுக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"அது எப்படிம்மா ஒருத்தனுக்கு மட்டும் ஊத்துறது? ஆத்தா வீட்டுக்குத்தானே வந்திருக்கா. எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஊத்துவோம். இவன் வேற, எனக்கும் எனக்கும்னு அழுதான்."

வார்டே சிரித்தது. நானும்தான். அண்ணனுக்கு வந்த அம்மைக்கு நான் குளித்திருக்கிறேன். அந்தக் குளியலை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் எனக்கும் வந்தது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஊசி பற்றிச் சொன்னபோது வசந்தி யோசித்தாள். அவள் அந்த நோயின் பெயரையே சொல்லமாட்டாள். "வந்திருக்கிறவளுக்கு ஊசி போட்டு விரட்டலாமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவளே பதிலும் கண்டுபிடித்தாள். "இன்னும் வரலையே. வராதவளை யாரும் விரட்டலை. போட்டுக்கங்க."

இரண்டு தொடையிலும் போட்டார்கள். சின்னம்மை வந்து குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்தான் அந்த மருந்து. எனக்கென்று இல்லாததை யார் யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று தெரியாது. தெரிந்தால் நன்றி சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால், தெரியாததும் நல்லதுதான்.

செலவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஓர் அதிகாரி தானாக வந்து, பெரும்பகுதி மருத்துவச் சேமிப்பிலும் காப்புறுதியிலும் போய்விடும் என்று விளக்கினார். அவர் போன பிறகுதான் தைரியமாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆனால் என்னை அழுத்தியது இது எதுவும் இல்லை. தேவிகா அந்த இளைஞனின் கட்டில் ஓரத்தில் நின்று ஆரஞ்சு கொடுத்திருந்தாள்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். பிரசவ நேரத்தை ஒட்டித் தாய்க்குச் சின்னம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்கு மிகவும் கடுமையாக வரலாம். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அவளுக்கும் ஊசி போட வேண்டும். அப்படியானால், ஊசி போட்ட எனக்கும் இனிமேல் வரக்கூடும் என்பதால், மகளும் மருமகனும் எங்களோடு இருக்கும் பூன் லே வீட்டுப் பக்கமே சில வாரங்களுக்கு நான் போகக் கூடாது.

தேவிகாவுக்கு வந்ததில்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியதே கிடையாது. வசந்திக்கும் மருமகனுக்கும் சிறு வயதில் வந்ததற்கு முகத்திலேயே தழும்பு இருக்கிறது. மகள் முகம் துடைத்த தட்டு மாதிரி இருக்கும்.

நான் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த இளைஞன் மீது எனக்குக் கோபமும் இல்லை. அது என் மகள் எனக்காக உரித்த ஆரஞ்சு. நான் சிறுநீரைப் பற்றி இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருந்தால் அவள் அங்கே வந்திருக்கவே மாட்டாள் என்றுகூட நினைத்தேன்.

அவளைக் கீழ்த்தளத்தில் தனியாக ஓர் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஜெயா அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். கருவி சின்னதாக இருப்பதில் இதுதான் வசதி. ஆள் சோதனைக்கூடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வசந்தி எனக்கு வீடியோ கால் போட்டாள். அவளுக்கு ஃபோனை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது எப்போதும் குழப்பம். எனக்குத் தெரிந்தது கூரை விளக்கு மட்டும்தான்.

"குத்திட்டாங்க" என்றாள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"டோன்ட் வரி லா, அப்பா. பாப்பாதான் உதைக்குது" என்று தேவிகாவின் குரல் வந்தது.

நான் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கின் ஓரத்தில் ஒரு பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் வசந்தியின் மூக்கு பெரிதாக வந்து போனது.

"ஒண்ணு வந்துடுச்சு" என்றாள் வசந்தி. அது எல்லாருக்கும் வருவது. எனக்கும் வந்தது. நான் மணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் இன்னும் மெதுவாகப் போகும்.

"ஏங்க" என்றாள்.

"சொல்லு."

"ஏங்க, இன்னொன்னு வருதுங்க."

பட்டையை அவள் ஃபோனோடு ஒட்டிக் காட்டினாள். எனக்குப் பழுப்பாக ஏதோ ஒரு மங்கல்தான் தெரிந்தது. ஜெயா ஃபோனை வாங்கிச் சரியாகப் பிடித்தார். இரண்டு கோடுகள். கருவியிலும் போட்டுப் பார்த்ததாகவும் அளவு நன்றாகவே இருப்பதாகவும் சொன்னார். உறுதிக்கு இன்னொரு பட்டை போட்டார், அதிலும் இரண்டு.

"எப்படி?" என்றாள் வசந்தி. "இவளுக்கு வந்ததே இல்லையே."

"ஆன்ட்டி, சில பிள்ளைங்களுக்கு ரெண்டு மூணு பருவோட போயிடும். கவனிக்கவே மாட்டோம்."

வசந்தி ஜெயாவிடமிருந்து ஃபோனைத் திரும்ப வாங்கினாள். பிறகு அவள் முகம் முழுதாகத் திரைக்கு வந்தது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஏங்க, தொடக்கநிலை ஒண்ணு படிக்கும்போது இவ வயித்துல கொசு கடிச்சிருந்துச்சே. நான் தைலம் போட்டேனே."

"ஆமா."

"அதுதான் போலிருக்கு. அந்த வாரம் முழுக்க நான் மீன் குழம்பு வெச்சேங்க. கடுகு தாளிச்சேன். அப்பளம் பொரிச்சேன். அவ பாட்டுக்கு வந்து உக்காந்திருக்கா, நான் பாட்டுக்கு மீனு கழுவிக்கிட்டிருந்திருக்கேன்."

"கோவிச்சுக்கலை பாரும்மா" என்றாள் தேவிகா. "சத்தம் போடாம வந்துட்டு, புரொடெக்‌ஷன் குடுத்துட்டுப் போயிருக்கா. உன் மீன் குழம்பு புடிச்சிருக்கும்."

வசந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெயா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகுமாம். பிறந்து சில மாதம்வரை அது காக்குமாம். அந்த இரண்டாவது கோடு அவளுக்கு மட்டும் இல்லை. நான் ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் சோதனைக்கூட முடிவுகளும் வந்தன. எனக்கு இல்லை, அவளுக்கு இருக்கிறது, பட்டைகள் சொன்னதேதான். பட்டை எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். என் வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. நுரையும் குறைந்திருந்தது. தேவிகாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் அந்தச் சில வாரக் கெடு முடியும்வரை தனி அறையில் இருக்க வேண்டும் என்றார்கள். பாக்சிக் ஓஸ்மான் வாசலில் நின்று சல்யூட் அடித்து வழியனுப்பினார்.

வீட்டில் என் வேலை உடம்பைக் காட்டுவது. தினமும் காலையில் வசந்தி ஃபோன் விளக்கைப் போட்டு என் முதுகை ஆராய்வாள். வேர்க்குரு ஒன்று தெரிந்தால் போதும், படம் எடுத்து ஜெயா சொல்லிக்கொடுத்தபடி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவாள். ஸ்டீராய்டால் என் முகம் உருண்டையாகிவிட்டது. பசியோ சொல்ல முடியாது. இரவில் தூக்கம் வராமல் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம், பயப்பட வேண்டாம்.

இதற்குள் தேவிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் பச்சைக் குழந்தை அல்லவா, கெடு முடியும்வரை நான் கிட்டே போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து கேட்பேன். பசிக்கு அழுவது எது, தூக்கத்துக்கு அழுவது எது என்று முகம் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வசந்திக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட.

எனக்குச் சின்னம்மை வரவே இல்லை. கெடு முடிந்து மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். இனிப் பயமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வழக்கம்போல என் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். குழந்தையைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேவிகாவே வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். தலைக்குக் கீழே என் கையை எடுத்து வைத்துச் சரிசெய்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் பூனைமுடி. நான் அசையவில்லை.

"பயமா இருக்காப்பா?"

தலையை மட்டும் ஆட்டி இல்லை என்றேன்.

"அப்புறம் ஏன் மூச்சையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"விடுங்கப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

விட்டேன். குழந்தையின் நெற்றி முடி லேசாக அசைந்தது. அவள் விழிக்கவில்லை.